சத்திய உப்பு

புதுத் தளபதி கலினிகோஸ் ஆட்டுக்கறி சப்பென்று இருக்கிறது என்றார். அதில் ஆரம்பித்ததுதான் எல்லாம். அன்றைக்குப் புனிதர் செர்கியஸ் திருநாள். தெல்சாரா கோட்டையில் நண்பகல் விருந்து. தெற்கேயிருந்து உப்பு ஏற்றி வரவேண்டிய ஒட்டகங்கள் அந்த மாதம் என்னவோ வரவேயில்லை, ஏன் வரவில்லை என்று யாரும் யோசிக்கவும் இல்லை. சமையல்காரன் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, வேலை வெட்டி இல்லாத எவனோ ஒருவன், கோயில் பேழைக்குள் ஒரு பை உப்பு சும்மாதானே கிடக்கிறது என்று வாயை விட்டிருக்கிறான். தளபதி ஆள் அனுப்பினார். பாதிரியார் சாவியைக் கொடுத்துவிட்டார். கொடுக்காமல் இருக்க அவருக்கு முதுகெலும்பு வேண்டாமா?

கோட்டையில் மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி குரியா அப்போது அங்கே இல்லை. மறுநாள் காலையில் பாரசீகத் தூதர் ஆற்றைக் கடந்து வருகிறார் என்பதால், தெப்பம் கட்டும் தோல்பைகளில் காற்று நிற்கிறதா என்று பார்க்கத் துறைக்குப் போயிருந்தான். நிம்பியோஸ் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ரோமர்கள், அந்தப் பக்கம் பாரசீகர்கள். எதிர்க்கரையில் எப்போதும் மேயும் ஆடுகளை அன்று காணோம். எந்த வீட்டுக் கூரையிலும் புகை எழவில்லை. திருவிழாவுக்கு எங்காவது போயிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் நெருப்பைக் கும்பிடுகிறவர்களுக்கு செர்கியஸ் திருநாள் ஏது?

பசியோடு திரும்பி வந்தவனுக்கு ஒரு தட்டு நிறையக் கறி வைத்தார்கள். இரண்டு வாய் தின்றான். ருசியாகத்தான் இருந்தது. மூன்றாவது வாய்க்கு வெள்ளிக் கிண்ணத்திலிருந்த உப்பைத் தொட்டவன், அதன் நிறத்தைப் பார்த்தான். இலேசான சிவப்பு. அந்த நிறத்து உப்பு பாரசீக மலைகளில்தான் வெட்டுகிறார்கள். பலகைக்கு அடியில் ஒரு தோல்பை கிழிந்து கிடந்தது, பக்கத்திலேயே சுட்ட களிமண் முத்திரை மூன்று துண்டாக உடைந்து கிடந்தது. குரியாவுக்கு வாயிலிருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

நம் ஆட்கள் சத்தியம் செய்தால் நற்செய்தி நூல்மேல் கை வைப்பார்கள். பாரசீகர்களுக்கு உப்பு. ஒரு பை உப்பைக் கட்டி, அதன் கழுத்தில் களிமண் வைத்து, காட்டுப்பன்றி பொறித்த மோதிரத்தால் அழுத்தி அனுப்பினால், அது அவர்கள் அரசனே வந்து கைகொடுத்த மாதிரி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சண்டையை நிறுத்தியபோது, நாம் கொடுத்தது பிணையாள், அவர்கள் கொடுத்தது இந்தப் பை. பை முழுசாக இருக்கிறவரை பிணையாள்மேல் ஒரு கீறல் விழாது. பையை நாம் உடைத்துவிட்டாலோ, பிணையாளை உயிரோடு ஆற்றங்கரைக்குக் கூட்டிவந்து, இரண்டு கரையும் பார்க்க, கழுத்தை வெட்டுவார்கள். மறைவாகச் செய்தால் அது கொலை, கரையில் செய்தால்தான் நியாயம் என்பது அவர்கள் வழக்கம்.

அந்தப் பிணையாள் வேறு யாருமில்லை, குரியாவின் தம்பி அப்தா. துபாஷி வீட்டு ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். குரியா போய்விட்டால் இங்கே பேச நாதியில்லை என்று தம்பியை அனுப்பினார்கள். அவனுக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

குரியா தளபதியின் காதருகே குனிந்து, குரலை அடக்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னான். அந்த மகராசன் அதை ஊருக்கே கேட்கிற மாதிரி திருப்பிச் சொல்லிச் சிரித்தார்.

"உப்பு மேல சத்தியமா! நாம கோயில்ல கை வெக்கிறோம், இவனுங்க அடுப்படியில கை வெக்கிறானுங்க. சரிதான் போ."

"எஜமான், நாளைக்குக் காலையில தூதர் வந்து பையைக் கையில வாங்கிப் பாப்பாரு. என் தம்பி உயிரு அதுலதான் இருக்கு."

தளபதிக்குச் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. கெட்டவர் இல்லை, விவரம் தெரியாதவர். தெரியாதவர்களால்தான் எல்லைக்கோட்டையில் பாதிப் பேர் செத்திருக்கிறார்கள்.

"வேற பை தெச்சு வெச்சிடுப்பா," என்றார். "அந்தாளுக்கு என்ன கழுகுக் கண்ணா?"

கழுகுக் கண்ணேதான். தூதர் ஜர்மிரின் கண்ணைப் பற்றித் தெரிந்தவன் குரியா. போன வசந்தத்தில் பையின் மூலையில் எலி பல் பட்ட ஒரு சின்னத் தடத்தைக் கண்டுபிடித்து, அரை நாள் பஞ்சாயத்து வைத்தவர் அந்த மனுஷன். எலிதான் கடித்தது, ஆள் கை படவில்லை என்று பாதிரியார் நற்செய்தி நூல்மேல் கை வைத்துச் சொன்ன பிறகுதான் தெப்பம் ஏறினார்.

குரியா மிச்ச உப்பை வழித்துக்கொண்டு, தோலையும் முத்திரைத் துண்டுகளையும் துணியில் முடிந்துகொண்டு வீட்டுக்கு ஓடினான். வீட்டில் அப்தாவின் மனைவி ஷமூனி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவளிடம் மறைக்கத்தான் நினைத்தான். ஆனால் அவன் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது. விஷயத்தைக் கேட்டவள் அழவில்லை. கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டு ஊசியைத் தேடி எடுத்தாள்.

உப்பு பாதிதான் தேறியது. அடியில் ஆற்று மணலைச் சலித்துப் போட்டு, மேலே உப்பைப் பரப்பினார்கள். ஷமூனி பழைய ஓட்டைகள் வழியாகவே நூலைக் கோத்துத் தைத்தாள். முத்திரைதான் பாடாய்ப் படுத்தியது. முட்டை வெள்ளையில் சுண்ணாம்பைக் குழைத்து மூன்று துண்டையும் ஒட்டினான். ஒட்டியது. ஆனால் பன்றியின் முதுகிலிருந்து வயிறு வரைக்கும் விரிசல் தெரிந்தது, பின்னங்கால் ஒன்றைக் காணவே காணோம். புழுதியைத் தேய்த்து விரிசலை மூடினான். தேய்க்கத் தேய்க்க அது இன்னும் நன்றாகத் தெரிந்தது.

"அண்ணே, அவரு கண்டுபிடிச்சிட்டா?" என்றாள் ஷமூனி.

"மாட்டாரு."

பொய்தான். அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தாள்.

காலையில் ஜர்மிர் வந்தார். ஆளே மாறியிருந்தார். எப்போதும் துறையிலேயே நாலு நொட்டைச் சொல் சொல்கிறவர் அன்று தளபதியின் குதிரையைப் புகழ்ந்தார், திராட்சை மதுவைப் புகழ்ந்தார், பாதிரியாரின் மூட்டு வலியை விசாரித்தார். பேசிக்கொண்டே வடக்கு மதிலின் மேல் எத்தனை பேர் காவல் நிற்கிறார்கள் என்றும் பார்த்துக்கொண்டார். குரியா இரண்டு பக்கத்துப் பேச்சையும் மாற்றி மாற்றிச் சொன்னான். தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

பாதிரியார் பேழையைத் திறந்து பையைத் தூக்கிக் கொடுத்தார். ஜர்மிர் அதை வாங்கி வாசலுக்கு வந்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். கட்டைவிரலை முத்திரைமேல் ஓட்டினார். விரல் அந்த விரிசலில் வந்து நின்றது. ஒரு சின்ன சில்லு பெயர்ந்து அவர் செருப்பின்மேல் விழுந்தது. அவர் குனிந்து அதைப் பார்த்தார். செர்கியஸே, செர்கியஸே என்று குரியா மனசுக்குள் கதறினான்.

"எல்லாம் சரியா இருக்கு," என்றார் ஜர்மிர். பையைப் பாதிரியார் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

தளபதி குரியாவைப் பார்த்துக் கண்ணடித்தார். பாதிரியார் சிலுவை போட்டுக்கொண்டார். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற ஷமூனி முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள், சந்தோஷ அழுகை. குரியாவுக்கும் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. சிரிக்கக்கூடச் சிரித்தான். தூதரை வழியனுப்பத் துறை வரைக்கும் கூடவே நடந்தான்.

பாதி வழியில்தான் அவனுக்கு உறைத்தது. எலிப் பல்லைக் கண்ட கண் இதைக் காணாமல் போகுமா? சில்லு விழுந்ததை அந்த மனுஷன் பார்த்தார், அதை குரியா தன் கண்ணால் பார்த்தான். அப்புறம் ஏன் சும்மா இருந்தார்? முத்திரை உடைந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அடுத்த நாளே பிணையாளைக் கரைக்குக் கொண்டுவந்தாக வேண்டும், உயிரோடு, இரண்டு கரையும் பார்க்க. அது அவர்கள் வழக்கம், அதை மீற முடியாது. கொண்டுவர ஆள் இருந்தால் அல்லவா சொல்லுவார்? வெட்டுவதற்குக்கூட ஒரு கழுத்து வேண்டுமே. புகையில்லாத கூரைகளும், வராத ஒட்டகங்களும், மதிலை எண்ணிய கண்ணும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவன் நெஞ்சில் உட்கார்ந்தன. சத்தியத்தை அவர்கள் எப்போதோ உடைத்துவிட்டார்கள். படை வந்து சேரும்வரை கோட்டை தூங்கிக்கொண்டிருக்க வேண்டும், அதற்குத்தான் இந்தச் சிரிப்பெல்லாம்.

"ஐயா, என் தம்பி எப்படி இருக்கான்?" என்று கேட்டான்.

"நல்லா இருக்கான். இங்க வெக்கையா இருக்குன்னு மலைப்பக்கம் அனுப்பியிருக்கோம்," என்றார் ஜர்மிர். ஐப்பசிக் குளிரில் வெக்கையாம்.

தெப்பத்தில் கால் வைக்கப் போனவரின் அங்கியைக் குரியா பிடித்து நிறுத்தினான். தூதரின் ஆட்கள் வாள்மேல் கை வைத்தார்கள். அவன் விடவில்லை.

"ஐயா, முத்திரை உடைஞ்சிருக்கு. நீங்க சரியாப் பாக்கல. உப்பைத் தின்னுட்டோம், நானும் தின்னேன். பைக்குள்ள பாதி மணல்தான். சத்தியத்தை மீறினது நாங்கதான்."

ஜர்மிர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க வழக்கப்படி செய்யுங்க. அவனைக் கரைக்குக் கூட்டிட்டு வாங்க. எங்க கண்ணு முன்னாடி வெட்டுங்க. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். கூட்டிட்டு மட்டும் வாங்கய்யா."

இதைச் சொல்லி முடிக்கும்போது குரியா மண்டியிட்டிருந்தான். ராத்திரியெல்லாம் எந்த விரிசலை மறைக்கப் பாடுபட்டானோ, அதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சினான். தன் தம்பியை வெட்டச் சொல்லி இன்னொருத்தன் காலில் விழுகிற பாவம் எந்த மனுஷனுக்கும் வரக்கூடாது.

ஜர்மிர் தன் அங்கியை மெதுவாக விடுவித்துக்கொண்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை, வெட்கம்தான் இருந்தது.

"எனக்குப் பார்வை மங்கிப்போச்சு குரியா," என்றார். "பை நல்லாத்தான் இருந்துச்சு."

தெப்பம் நகர்ந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கதவுகளை மூடச் சொல்ல வேண்டும், மதிலுக்கு ஆள் ஏற்ற வேண்டும், அந்தத் தளபதியை நம்பவைக்க வேண்டும், எல்லாம் குரியாவுக்குத் தெரிந்தது. ஆனால் மண்டியிட்டபடியே தெப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குள் ஷமூனி மேட்டிலிருந்து இறங்கி ஓடிவந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன சொன்னாரு அண்ணே? அவங்க எப்ப வருவாங்களாம்?"