டாக்டர் போட்ட தையல்

2001இல் ஒருநாள், கார்மெண்ட்ஸ் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது, நீலசந்திராவில் குடியிருந்த ரோஸலினுக்குக் குதிகாலுக்கு மேலே கயிறுபோல் ஓடும் தசைநாண் அறுந்தது. ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம். இன்று அந்தக் காலை மட்டும் ஊன்றி, குதிகாலைத் தூக்கி நின்றுகாட்டினால்தான் சர்டிபிகேட். சர்டிபிகேட் இருந்தால்தான் வேலை.

டாக்டர் பத்மநாபன் மாணவர்களைச் சுற்றி நிறுத்தி, தம் கைத்திறமைக்குத் தாமே மேளம் கொட்டிக்கொண்டிருந்தார். "இந்தக் கால் நிக்கிறதே என் தையல்லதான்!"

பதினொரு வருடம் சட்டைக் காலர் தைத்தவளுக்குத் தையல் பேச்சில் சும்மா இருக்க முடியவில்லை. "என்ன நூலு சார் போட்டீங்க?"

"தானா கரையுற நூல்மா. இந்நேரம் கரைஞ்சே போயிருக்கும்."

"அப்போ இப்ப எது சார் புடிச்சினு இருக்கு?"

ஒரு மாணவி சிரிப்பை அடக்கினாள். டாக்டர் கனைத்துக்கொண்டார். "அது... உடம்பே புதுசா நார் நெய்யும். நீ இழுக்க இழுக்க, இழுக்கிற பக்கமா நார் வரிசை கட்டும்."

ரோஸலினுக்குச் சிலிர்த்தது. நூலை உருவினால் காலர் கையோடு வந்துவிடும்; அவள் பார்த்த துணியெல்லாம் அப்படித்தான். தினமும் குக்கர் விசில் வரும்வரை அடுப்படியில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினாளே, அப்போதெல்லாம் உள்ளே தறி ஓடியிருக்கிறது, அவளுக்கே தெரியாமல்!

சுவரில் ஒரு விரலை வைத்தாள். கெண்டைச் சதை நடுங்கித் திரண்டது. குதிகால் மெல்ல எழுந்து, அப்படியே நின்றது.

"பாத்தீங்களா, என் தையல்..." என்று ஆரம்பித்த டாக்டர், என்ன நினைத்தாரோ, பேனாவைத் திறந்து சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டார்.