பின்சீட்டில் மூன்று இல்லைகள்

தூத்துக்குடியில் ரத்தப் பரிசோதனையின் முடிவு ஆளாகத்தான் வரும். காலையில் ரத்தம் கொடுத்தால் சாயங்காலம் கதவு தட்டப்படும். நோய் இருந்தால் வருகிறவருக்கு ‘உண்டு’ என்று பெயர். அவர் கையில் மாத்திரைப் பொட்டலம் இருக்கும். எப்படிச் சாப்பிடவேண்டும், எந்த டாக்டரைப் பார்க்கவேண்டும் என்று சொல்லி, ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். நோய் இல்லாவிட்டால் வருகிறவர் ‘இல்லை’. அவருக்கு டீ கூட வேண்டாம். ஆனால் அவரை நம்பவேண்டும். நம்பும்வரை அவர் அந்த வீட்டைவிட்டுப் போக முடியாது.

லூர்துராஜ் வீட்டில் மூன்று இல்லைகள் தங்கியிருந்தார்கள்.

லூர்துராஜ் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். கல்யாணமாகாதவர். பயிற்சிக் காரில் சொல்லித் தருகிறவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதிக்க அவர் ஆடு கண்ணில் படும்வரை காத்திருக்கமாட்டார், ஆடு வரக்கூடிய தெரு என்றாலே மிதித்துவிடுவார். அப்படிப்பட்டவர் கொச்சியில் ஒரு நண்பனின் கல்யாணத்துக்குப் போன இடத்தில், அதற்கு முன்னும் பின்னும் பார்த்திராத ஒரு பெண்ணோடு ஓர் இரவு இருந்துவிட்டார். இருவருக்கும் சம்மதம்தான். ஆணுறையும் போட்டிருந்தார். காலையில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே விடைபெற்றாள். ரயில் திருநெல்வேலி தாண்டுவதற்குள் லூர்துராஜுக்குத் தொண்டை கரகரத்தது.

டாக்டர் சொன்ன காலம் முழுக்கப் பொறுத்திருந்துதான் ரத்தம் கொடுத்தார். அன்று சாயங்காலமே முதல் இல்லை வந்தார். ஒல்லியான, தலை நரைத்த மனிதர். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, “இல்லைங்க. எச்ஐவி இல்லை, மேகநோய் இல்லை, பரிசோதிச்ச எதுவுமே இல்லை” என்றார்.

“நல்லாப் பாத்தாங்களா?” என்று கேட்டார் லூர்துராஜ்.

முதல் இல்லை, கழற்றிய செருப்பை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார். இது ஒரு மாலையில் முடிகிற வேலையில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த வாரம் லூர்துராஜ் வேறொரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் கொடுத்தார். அங்கிருந்து ஒரு அக்கா வந்தார். அதுவும் போதாமல் மதுரைக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். மதுரையிலிருந்து டை கட்டிய ஓர் இளைஞர் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். அவர்களுக்குள் ஒருநாளும் கருத்து வேறுபாடு வந்ததில்லை.

வீடு கலகலப்பாகத்தான் இருந்தது. அக்கா நன்றாக மீன்குழம்பு வைத்தார். டை கட்டியவர் கேரம் போர்டு வாங்கி வந்தார். லூர்துராஜ் மட்டும் காலையில் எழுந்ததும் கண்ணாடி முன் நின்று, டார்ச் அடித்து நாக்கைப் பார்ப்பார்.

“அண்ணாச்சி, இது என்ன?”

“அது நாக்குங்க,” என்பார் முதல் இல்லை.

“கழுத்துல ஒண்ணு சிவப்பா இருக்கே?”

“நேத்து அவசரமா ஷேவ் பண்ணீங்க.”

“ஒருவேளை எனக்கு மட்டும் ரத்தத்துல லேட்டாத் தெரிஞ்சா?”

“அதுக்குத்தானே அவ்வளவு நாள் பொறுத்துக் குடுத்தீங்க” என்பார் அக்கா, அடுப்படியிலிருந்து.

மாடி வீட்டு இன்னாசிமுத்து சாருக்கு முந்திய வருஷம் உண்டு வந்திருந்தார். சார் ஊசி போட்டுக்கொண்டார், குணமானது, இப்போது தினமும் ஷட்டில் ஆடுகிறார். படியில் அவர் மட்டையோடு இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் லூர்துராஜுக்குப் பொறாமையாக இருக்கும். உண்டு வந்திருந்தால் எப்போதோ கிளம்பிப் போயிருப்பார்.

காரில் கற்றுக்கொள்ள வந்தவர்களில் ஜெனோவா என்றொருத்தி இருந்தாள். உப்பு கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறவள். லைசென்ஸ் வாங்கிய பிறகும் பார்க்கிங் சரியாக வரவில்லை என்று சொல்லி வகுப்புக்கு வந்துகொண்டிருந்தாள். பார்க்கிங் அவளுக்கு நன்றாகவே வரும் என்பது இருவருக்கும் தெரியும். அவள் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். லூர்துராஜ் வந்து பேசினால் அந்தப் பேச்சு முடிந்துவிடும். அவரோ இந்தா அந்தா என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் கியர் மாற்றும்போது அவள் விரல் பட்டதற்கு, துண்டை எடுத்து அவள் விரலைத் துடைத்துவிட்டார்.

ஜெனோவா காரைத் துறைமுகச் சாலையோரம் நிறுத்தினாள்.

“சார், என்னைப் பிடிக்கலைன்னா சொல்லிருங்க. துடைக்காதீங்க.”

லூர்துராஜ் கொச்சியைப் பற்றிச் சொன்னார். அவள் முன்பக்கக் கண்ணாடி வழியே சாலையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தாள். பிறகு கேட்டாள்.

“ஆணுறை போட்டீங்களா?”

“போட்டேன்.”

“டெஸ்ட் எடுத்தீங்களா?”

“மூணு.”

“யாரு வந்தா?”

“மூணுமே இல்லைதான். பின்னாடி இருக்காங்க.”

ஜெனோவா திரும்பினாள். பின்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த மூவரும் அவளுக்கு வணக்கம் சொன்னார்கள். அவளும் சொன்னாள்.

“இவங்க இவ்வளவு நாளா இங்கயா இருக்காங்க?”

“அவரு இன்னும் நம்பலைம்மா,” என்றார் அக்கா. அவர் குரலில் குறை ஏதுமில்லை.

ஜெனோவா இறங்கிக் கதவை மெதுவாகச் சாத்தினாள். “இவங்க மூணு பேரு உள்ள வீட்டுக்கு நான் எப்படி சார் வர்றது?” என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ ஏறிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு லூர்துராஜ் சரியாகச் சாப்பிடவில்லை. சாப்பிடாததால் மெலிந்தார். மெலிந்ததைப் பார்த்து மேலும் சந்தேகப்பட்டார். அவர் சந்தேகப்படச் சந்தேகப்பட, மூத்தவரான முதல் இல்லை மங்கத் தொடங்கினார். ஒரு காலையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அவருக்குப் பின்னால் சுவரில் தொங்கிய காலண்டரின் தேதி, அவர் சட்டை வழியே தெளிவாகத் தெரிந்தது. நெற்றியும் சுட்டது.

“உடம்புக்கு என்ன செய்யுது, அண்ணாச்சி?”

“நம்பாத வீட்ல இருந்தா இப்படி ஆவும். பரவாயில்லை.”

லூர்துராஜ் அவருக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே, கேட்கக்கூடாது என்று நினைத்ததையே கேட்டார். “அண்ணாச்சி, உண்மையாவே ஒண்ணும் இல்லையா?”

முதல் இல்லை டம்ளரைக் கீழே வைத்தார். “தம்பி, தப்பா நினைக்காதீங்க. உங்க ரத்தத்துல என்ன இருக்குன்னு கேட்டா எனக்குத் தெரியும். நீங்க கேக்குறது அது இல்ல. கொச்சியில நீங்க பண்ணது தப்பா இல்லையான்னு கேக்குறீங்க. அதைச் சொல்ல நான் வரலை. அதுக்கு ரத்தத்துல டெஸ்ட் கிடையாது.”

அடுப்படியில் அக்கா தாளிப்பதை நிறுத்தினார். கேரம் காய்களும் சத்தமில்லாமல் இருந்தன. பிறகு லூர்துராஜ் எழுந்து கார்ச் சாவியை எடுத்தார். காய்ச்சலோடு ஒரு மனிதரை வீட்டில் வைத்திருப்பது சரியில்லை.

முதல் இல்லை எந்தப் பரிசோதனைக்கூடத்திலிருந்து வந்தாரோ அங்கேயே அவரைக் கூட்டிப்போனார். முதல் இல்லைக்கு ரத்தம் எடுத்த பெண், நரம்பு நன்றாகத் தெரிகிறது, உங்களை மாதிரி எல்லாரும் வந்தால் சுலபம் என்றாள். அவசரம் என்பதால் உடனே பார்த்தார்கள். அரைமணி நேரத்தில் உள்ளறைக் கதவு திறந்து, முழங்கால் உயரத்தில் ஒரு சின்ன இல்லை வெளியே வந்தது. தலை படிய வாரியிருந்தது. முதல் இல்லையின் எதிரே வந்து நின்று, “ஒண்ணும் இல்லை” என்றது.

“சரி,” என்றார் முதல் இல்லை.

சின்ன இல்லை அந்த நிமிஷமே வாசலைத் தாண்டிப் போய்விட்டது.

லூர்துராஜ் வாசலையே பார்த்தார். “அவ்வளவுதானா?”

“ஆமா.”

“மனசுல ஒரு இது வரவேண்டாமா? நம்பிட்டோம்னு?”

“வந்தா வரட்டும். வரலைன்னாலும் அது போயாச்சு. வேலை கிடக்குல்ல.” முதல் இல்லை கையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

லூர்துராஜுக்குத் தொண்டை அப்போதும் கரகரத்தது. முதுகில் ஏதோ ஊறுவது போலவும் இருந்தது. தொண்டை கரகரக்கும் மனிதராகவே எழுந்து நின்று, “சரி, அண்ணாச்சி” என்றார்.

முதல் இல்லையின் சட்டை பளிச்சென்று வெள்ளையானது. அவருக்குப் பின்னால் இருந்த எதுவும் இப்போது தெரியவில்லை. அவர் லூர்துராஜின் தோளைத் தட்டிவிட்டு, பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திடமாக நடந்து போனார். வீட்டுக்கு வந்தபோது அக்கா பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தயாராக நின்றார். அவருக்கும் ஒரு சரி சொன்னார் லூர்துராஜ். டை கட்டியவர், நடந்துகொண்டிருந்த ஆட்டத்தை முடித்துவிட்டுப் போகலாமா என்று கேட்டார். முடித்துவிட்டுப் போனார். ஜெயித்ததும் அவர்தான்.

உப்பு கம்பெனி வாசலில் ஜெனோவா வெளியே வரும்வரை காத்திருந்தார் லூர்துராஜ்.

“போயிட்டாங்க,” என்றார்.

“மூணு பேருமா?”

“ம்.”

“சாப்ட்டுட்டுப் போனாங்களா?”

“அக்கா எனக்கும் சேத்து வச்சிட்டுப் போயிருக்காங்க.”

ஜெனோவா கைப்பையை மறுதோளுக்கு மாற்றினாள். “நானும் போன வாரம் ரத்தம் குடுத்தேன், சார். கல்யாணம் பண்றதுன்னா ரெண்டு பேருந்தான பாக்கணும். எனக்கு வந்த இல்லையை வாசல்லயே சரின்னு சொல்லி அனுப்பிட்டேன். கொச்சிக்காக இன்னும் கொஞ்ச நாள் கோவமா இருப்பேன். ஞாயித்துக்கிழமை அம்மாவைப் பாக்க வாங்க.”

பயிற்சிக் கார் வரை அவரோடு நடந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டபோது லூர்துராஜுக்குக் கை வேர்த்தது. துடைக்கவில்லை.

மறுநாள் காலை முதல் வகுப்புக்கு ஆள் சீக்கிரமே வந்து காத்திருந்தது. துறைமுகச் சாலைக் கடல்தான், ஓட்டக் கற்றுக்கொள்ள வந்திருந்தது. லூர்துராஜ் சீட்டின்மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, கதவைத் திறந்துவிட்டார்.

“முன்னாடி ஓட்டிப் பழக்கம் இருக்கா?”

“முன்னால போவேன், பின்னால போவேன்,” என்றது கடல். “திரும்பத்தான் தெரியாது.”

“அது ஒண்ணும் கஷ்டமில்ல. முதல்ல சைடு கண்ணாடியைச் சரி பண்ணிக்கோங்க,” என்றார் லூர்துராஜ், தன் காலடிப் பிரேக்கிலிருந்து காலை எடுத்துக்கொண்டே.