கிணற்றுப் படத்தின் மீதி

ஒப்பாரியைப் பாதியில் நிறுத்தி, முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கண்ணகி ஆதிமூலத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“மாமா, அந்த ஆளத் தூக்கிக் கெணத்துல போட்டாங்களே, அவன் பொழைச்சானா இல்லையா?”

ஆதிமூலத்துக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவருடைய பெண்டாட்டி சாலம்மாள் ஐஸ் பெட்டிக்குள் மஞ்சள் பூசிய முகத்தோடு படுத்திருக்கிறாள். பந்தலுக்குள் முப்பது பேர், பந்தலுக்கு வெளியே மேளக்காரர்கள். இதில் யாரை எந்தக் கிணற்றில் போட்டார்கள்?

“எந்த ஆள கேக்கற?”

“குதிரைக்காரன, மாமா. நேத்து நடவுல அக்கா அந்தப் படத்தத்தான் சொல்லிக்கினு இருந்துச்சு. கெணத்துல தூக்கிப் போட்ட எடத்துல கழனி முடிஞ்சிடுச்சு. மீதிய நாளைக்குச் சொல்றேன்னு கரையேறிடுச்சு.” சொல்லி முடிக்கும் முன்பே அவளுக்குக் குரல் உடைந்தது. பக்கத்திலிருந்த நடவுக்காரிகள் பத்துப் பேரும் சேர்ந்து அழ ஆரம்பித்தார்கள். அழுதாலும் பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்தார்கள்.

சாலம்மாளுக்குக் குதிரைப் படப் பைத்தியம் என்பது தெருவுக்கே தெரியும். தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள் புழுதியில் குதிரை ஓட்டிக்கொண்டு வந்து சுட்டுக்கொள்கிற படங்கள். முதலில் டிவியில் பார்த்தாள். மகன் வெற்றிவேல் ஒரு பழைய செல்போனைக் கொடுத்ததும், தமிழில் பேசுகிற குதிரைப் படங்களாகத் தேடித் தேடிப் பார்த்தாள். அவற்றின் பெயரெல்லாம் அவளுக்குத் தேவைப்படவில்லை. ரயில் படம், ஒத்தக்கண்ணன் படம், கெணத்துப் படம் என்று அவளே பெயர் வைத்துக்கொண்டாள். ஆனால் பார்த்த படத்தை மறுநாள் சேற்றில் நின்று பத்துப் பேருக்குச் சொல்கிறாள் என்பது ஆதிமூலத்துக்கு இன்றைக்குத்தான் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தவர் அவர்.

அப்படி என்னத்தைத்தான் கண்டாள் அதில்? இந்தக் கேள்வியை அவர் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். ஆனால் அதெல்லாம் சண்டைக்குக் கேட்டது, தெரிந்துகொள்ளக் கேட்டதில்லை. இப்போது தெரிந்தாக வேண்டும் போல் இருந்தது. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு அவள் தம்பி கரியாலூரிலிருந்து வந்துகொண்டிருந்தான். மலையிலிருந்து இறங்கும் பஸ் இன்னும் வந்து சேரவில்லை. அவன் வந்து கோடியைப் போர்த்திவிட்டால் எடுத்துவிடுவார்கள். அதற்கப்புறம் இந்தப் பத்துப் பேரும் ஆளுக்கொரு பக்கம் கலைந்து போய்விடுவார்கள். யாரிடம் போய்க் கேட்பது?

“மலரு, ஆத்தாளோட போன எட்தாம்மா,” என்றார் மருமகளிடம்.

வெற்றிவேல் பதறிக்கொண்டு வந்தான். “இன்னாப்பா நீ, பொணத்த வச்சிக்கினு படம் பாக்கப்போறியா? நாலு பேரு இன்னா பேசுவாங்க?”

“பேசட்டும். கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்ல வேணாமா?”

மலர்விழி புருஷன் முகத்தைப் பார்க்காமலே போனைக் கொண்டுவந்து திறந்து கொடுத்தாள். படம் நேற்று நின்றுபோன இடத்தில் அப்படியே நின்றது. உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் சாலம்மாளின் உயிர் போயிற்று. போன் மட்டும் மடியில் ஓடிக்கொண்டிருந்தது. மருமகள்தான் அதை எடுத்து நிறுத்தினாள்.

“இதுக்கு மேல அத்தையும் பாக்கல மாமா,” என்றாள் மலர்விழி.

“பின்னாடி தள்ளு. கெணத்துலருந்து போடு.”

ஐஸ் பெட்டியின் மேல் ஒரு சொம்பை வைத்து, போனை அதில் சாய்த்தார்கள். நடவுக்காரிகள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஒப்பாரி தானாக நின்றது. தெருவில் போன ஒரு கிழவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அவரும் பார்த்தார்.

கிணற்றில் விழுந்தவன் சாகவில்லை. கத்தியைக் கல் இடுக்கில் குத்திக் குத்தி ஏறினான். “அப்பாடா,” என்றாள் கண்ணகி. ஊரில் ஆயிரம் மாட்டுக்குச் சொந்தக்காரனான ஒரு பெரிய மனிதன் ஓடையை வேலி போட்டு மடக்கி வைத்திருக்கிறான். அதைக் கேட்கப் போனவனைத்தான் கிணற்றில் தள்ளியிருக்கிறார்கள். கதை அவ்வளவுதான். மற்றபடி ஒருவனை ஒருவன் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பதிலேயே கால்மணி நேரம் போனது. ஆதிமூலம் எதையோ தேடுகிறவர் போல் முகத்தைப் போனுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

“இதுல இன்னாதான் இருக்குது செல்லியம்மா?” என்று கேட்டார், நடவுக்காரிகளில் மூத்தவளான செல்லியம்மாளிடம்.

“பேசாம நிக்கறானுங்க பாரு, அது அவளுக்குப் புடிக்கும். நம்ம படத்துல சாவறவன்கூட அரமணி நேரம் பேசிட்டுத்தான சாவறான்.”

“அந்த மலைங்களுக்காகவும்தான் பாக்கும்,” என்றாள் மலர்விழி. “அதோ பாருங்க, நம்ம தியாகதுருகம் கோட்டை மலையாட்டமே இருக்குதில்ல?”

இருந்தது. மொட்டைப் பாறை, உச்சியில் கொஞ்சம் மேகம். ஆதிமூலம் ஒத்துக்கொண்டார்.

கண்ணகியும் சொன்னாள். “குதிரைய கட்டிட்டுக் கடைக்குள்ள வரான் மாமா. நீ எந்த ஊரு, யாரு வூட்டு ஆளுன்னு ஒருத்தனும் கேக்கல. எல்லாருக்கும் குடுக்கற கிளாசுலயே கடைக்காரன் ஊத்திக் குடுக்கறான். அக்கா இத மட்டும் ரெண்டு தரம் சொல்லும்.”

பந்தல் காலைப் பிடித்துக்கொண்டிருந்த கிழவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

எல்லாம் சரியாகத்தான் பட்டது. ஆனாலும் ஆதிமூலத்துக்குப் போதவில்லை. இதற்காகவா ஒருத்தி காடு கழனியில் பகலெல்லாம் குனிந்துவிட்டு வந்து, கண் எரிய எரிய இதைப் பார்ப்பாள்?

படத்தில் கிணற்றிலிருந்து தப்பியவன் தன் குதிரையைத் தேடிப் பிடித்துவிட்டான். வெயிலில் வெகுதூரம் வந்து, வேலியை அறுத்துக்கொண்டு ஓடைக்கரையில் இறங்கினான். உதடெல்லாம் வெடித்துக் கிடந்தது. நடக்கவே முடியவில்லை. தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி அதில் தண்ணீர் மொண்டான்.

பத்துப் பெண்களும் ஒரே நேரத்தில் முன்னால் சாய்ந்தார்கள்.

“இது, இது. இத பாரு மாமா.”

அவன் தொப்பியைக் குதிரையின் வாய்க்கு நேராகப் பிடித்தான். குதிரை குடித்தது. மறுபடி மொண்டான். அது மறுபடி குடித்தது. அது போதுமென்று தலையைத் திருப்பிக்கொண்ட பிறகுதான் அவன் குப்புற விழுந்து ஓடையில் வாய் வைத்தான்.

“எல்லாப் படத்துலயும் இது வருமாம்,” என்றாள் கண்ணகி. “இது வந்தாதான் நல்ல படம், வரலன்னா துப்பாக்கி எத்தினி வெடிச்சாலும் அது படமே இல்லைன்னும். இந்த எடம் வந்தா அக்கா நாத்து முடியக் கையில வச்சிக்கினு நிமிந்து நின்னுடும். அவனுக்கும் தாகந்தான்டி, ஆனா அவன சொமந்துக்கினு வந்தது அதுதானே, அதுக்குத் தண்ணி காட்டிட்டுதான் அவன் குடிக்கறான்னு சொல்லும். சொல்றப்போ அது மூஞ்சியே வேற மாதிரி ஆயிடும் மாமா.”

ஆதிமூலம் கையை நீட்டிப் படத்தை நிறுத்தினார்.

நேற்று சாயங்காலம் அவர் கரும்பு வெட்டிவிட்டு வந்தார். அவள் நடவு முடித்து வந்தாள். இருவருக்கும் ஒரே வெயில். அவர் வந்ததும் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு, “இந்தா, தண்ணி குடு,” என்றார். உள்ளேயிருந்து குதிரை ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது. சத்தம் போட்டு இன்னொரு தடவை கேட்டார். அதற்கும் அவள் வராததால், அவளையும் அந்தக் குதிரையையும் சேர்த்து வாயில் வரக்கூடாத வார்த்தையில் திட்டினார். போனைப் பிடுங்கித் தெருவில் எறிவதற்காகத்தான் எழுந்து உள்ளே போனார். போய்ப் பார்த்தால் அவள் உயிரோடு இல்லை. வந்தவர்களிடமெல்லாம், “சத்தமில்லாம போயிட்டா,” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போட்ட சத்தத்தை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது அது அவருக்கே காதில் விழுந்தது. வெட்கமாக இருந்தது. பெட்டிக்குள் இருந்த முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

தெருமுனையில் மேளம் எழும்பியது. கரியாலூர் பஸ் வந்துவிட்டது. சாலம்மாளின் தம்பி இருசப்பன் கோடிச் சேலையைத் தலையில் வைத்துக்கொண்டு அழுதபடி வந்தான். பந்தலில் எல்லோரும் எழுந்தார்கள், மலர்விழி போனை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். படத்தில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

“குளிப்பாட்டணும், பங்காளிங்க தண்ணி எட்தாங்க,” என்று குரல் கொடுத்தார்கள். நான்கைந்து இளைஞர்கள் குடங்களைத் தூக்கினார்கள். ஆதிமூலமும் எழுந்து ஒரு குடத்தை எடுத்தார்.

“நீ உக்காருப்பா, பசங்க கொண்டாருவாங்க,” என்றாள் செல்லியம்மாள். “புருஷன் தண்ணி எடுக்கற வழக்கம் இல்ல.”

“தெரியும்,” என்றார் அவர்.

தெருக்குழாயில் தண்ணீர் நூலாக வந்துகொண்டிருந்தது. இளைஞர்கள் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். வெற்றிவேல் பின்னாலேயே வந்து ஒரு தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான். “நேத்துலருந்து பச்சத் தண்ணி கூட குடிக்கல நீ. மொதல்ல இதக் குடிப்பா.”

ஆதிமூலம் அதை வாங்கிக் குழாய் மேடையில் வைத்தார். குடம் நிறைகிறவரை குனிந்தே நின்றார். நிறைந்ததும் தூக்கினார். பெண்கள் வைப்பது போல இடுப்பில் வைத்துப் பார்த்தார், நிற்கவில்லை. தோளில் ஏற்றப் பார்த்தார், முதுகெல்லாம் கொட்டியது. அப்புறம் இரண்டு கையாலும் குடத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வேட்டி நனைய நனைய வீட்டைப் பார்த்து நடந்தார். பாட்டில் குழாய் மேடையிலேயே இருந்தது.