அந்த அம்மா சொல்லாத வசனம்

டி.வி. குற்ற நிகழ்ச்சிகளில் எந்தத் தாய் அழுதாலும் பின்னணிக் குரல் கொடுப்பது அவள்தான். டப்பிங் ஸ்டூடியோவில் அவளை 'அழுமூஞ்சி' என்றே கூப்பிடுவார்கள். வீட்டில் அவள் வேறு ஆள். வேலை முடிந்ததும் நாத்தனாரோடு சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுவாள்.

அன்று வந்தது ஒரு நிஜ வழக்கு. வேலைக்குப் போகிற மகன் ஒருவன் அப்பாவை இரும்புக் குழாயால் அடித்து ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தான். குரல் பிடிபடட்டும் என்று அவனுடைய அம்மாவின் பேட்டிப் பதிவை இவளிடம் கொடுத்திருந்தார்கள். புருஷன் தன் கழுத்தை நெரித்தபோதுதான் மகன் குழாயை எடுத்தான் என்று அந்த அம்மா அதில் தெளிவாகச் சொல்லியிருந்தாள்.

திரையில் ஓடிய சித்தரிப்புக் காட்சியில் கழுத்தும் இல்லை, புருஷன் கையும் இல்லை. இருட்டறையில், முகத்தில் சிவப்பு வெளிச்சம் விழ, மகன் பல்லைக் கடித்துக்கொண்டு கேம் ஆடினான். அடுத்த காட்சியில் குழாயோடு எழுந்தான். அவள் பேச வேண்டிய வசனம்: "அந்த கேம்தான் என் பிள்ளையைக் கெடுத்துச்சு."

"இதை அவங்க சொல்லவே இல்லையே, சார்" என்றாள்.

கேம் என்றால்தான் ஜனங்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்றார் டைரக்டர். எந்நேரமும் சுட்டுக்கொண்டிருப்பவன் கை சும்மா இருக்குமா என்றும் கேட்டார்.

"நானும் தினமும் சுடுறேன், சார். எங்க நாத்தனார் இன்னும் நல்லாத்தான் இருக்காங்க."

சவுண்ட் இன்ஜினியர் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார். டைரக்டர் சிரிக்கவில்லை. பேசாவிட்டால் வேறு ஆள் வரும், இந்தப் பக்கம் இனி வேலையே கிடைக்காது என்றார்.

"அழச் சொல்லுங்க, அழறேன். அந்தம்மா வாயில பொய்யை வைக்க மாட்டேன்."

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தாள். திரும்பிப் போகத் தோன்றவில்லை.

வேறொரு குரலோடு நிகழ்ச்சி ஒளிபரப்பானது. அந்த அம்மா சேனல் மீது வழக்குப் போட்டாள். விஷயம் தெரிந்ததும் இவள் தானாகவே அந்த அம்மாவின் வக்கீலைத் தேடிப் போனாள். நமக்கு ஏன் இந்த வம்பு என்று இவள் புருஷன் முணுமுணுத்தான். நாத்தனார் வண்டியை எடுத்தாள்.

கோர்ட்டில் சாட்சியாக நின்று, பேட்டியில் கேட்டதையும், வெட்டப்பட்டதையும், தன்னைப் பேசச் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். தீர்ப்புப்படி சேனல் அதே நிகழ்ச்சி நேரத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. மகன் வழக்கு இன்னும் நடக்கிறது. அந்த ஸ்டூடியோ அதற்குப் பிறகு அவளைக் கூப்பிடவே இல்லை.

தீர்ப்பு வந்த அன்று கோர்ட் வராந்தாவில் அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மகன் வழக்கின் அடுத்த விசாரணைக்கும் வருவீர்களா என்று கேட்டாள்.

"தேதியை மட்டும் சொல்லுங்க" என்றாள் இவள்.