விரலைப் பார்க்காத சோதனை

காலை ஷிஃப்டுக்கு முன்னால், தகடு அடிக்கும் பிரிவுக்காரர்கள் பதினான்கு பேர் கம்பெனி மருத்துவ அறைக்கு வெளியே பெஞ்சில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வருடாந்திரக் காதுச் சோதனை. முதல் ஆள் ரேடியோ. இருபத்திரண்டு வருடம் மிஷினுக்கு மேலே கத்திக் கத்திப் பேசியதில் வந்த பெயர். வீட்டில் பெண்டாட்டிகூட அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

"விரல மறந்துடாதண்ணே," என்று அடுத்த ஆள் அவர் காதோரம் வந்து சொன்னான்.

அதுதான் அவர்கள் வித்தை. ஹெட்ஃபோனில் ஒலி அனுப்பும் பொத்தானை அழுத்தும்போது டாக்டர் விரல் அசையும். அசைந்தால், ஒலி கேட்டதுபோல் கையைத் தூக்கிவிட வேண்டும். காது போனது தெரிந்தால் வேலையும் போய்விடும் என்ற பயம். ஆகவே வருடா வருடம் எல்லாருக்கும் காது பிரமாதம்.

ஊழியர் நலத்துக்குத் தலைமை மருத்துவராகப் புது டாக்டரம்மா வந்து எட்டு மாதம் ஆகிறது. ரேடியோ உள்ளே போனபோது நாற்காலி சுவரைப் பார்த்துக் கிடந்தது.

"திருப்பிப் போட்டுக்கறேம்மா."

"வேணாங்க. நேத்து வேற பிரிவு ஆள் ஒருத்தர், நான் சும்மா விரல அசைச்சதுக்கே கை தூக்கிட்டார்."

ரேடியோ சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். டாக்டரம்மா ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு மேசைக்குப் போய் அழுத்தினார். ஒலியைக் கூட்டி மறுபடி அழுத்தினார். தூக்கத் தயாராக இருந்த கை தொடைமேலேயே இருந்தது.

கதவைத் தட்டாமல் மேலாளர் வந்தார். ரேடியோவின் முதுகுக்குப் பின்னால் இரண்டடியில் நின்றுகொண்டு சாதாரணமாகப் பேசினார். "வயசானதால காது போச்சுன்னு போட்டுடுங்க டாக்டர். இரைச்சல்னு எழுதினா மிஷினையெல்லாம் மூடி போட்டு அடைக்கணும், இவங்களுக்கு வேற வேல தரணும். வயசுன்னா வீட்டுக்கு அனுப்பிடலாம். முதல்ல இந்த ஆள."

"இவருக்கு நாப்பத்திநாலு வயசு."

"கையெழுத்துப் போட வேற டாக்டர் கெடைப்பாங்க."

"கெடைக்கட்டும். அதுவரைக்கும் பேனா என் கையிலதான் இருக்கு."

'இயந்திர இரைச்சலால் செவித்திறன் இழப்பு' என்று எழுதிக் கையெழுத்திட்டு முத்திரை குத்தினார். ரேடியோவின் முன்னால் போய் நின்று ஹெட்ஃபோனைக் கழற்றினார். தாளை நீட்டி, நிதானமாக, உரக்கச் சொன்னார்: "உங்கள வீட்டுக்கு அனுப்பணுமாம். இப்பதான் சொன்னார். உங்க பின்னாடி நின்னு."

ரேடியோ தாளைப் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். நாற்காலியோடு திரும்பினார்.

"பின்னாடி நின்னு எதுக்கு சார்? எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. உதடு அசஞ்சா எனக்குப் புரிஞ்சிடும்."

மேலாளர் கதவருகே நகர்ந்து நின்றார்.

ரேடியோ தாளோடு வெளியே போனார். தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. "எவனும் விரலப் பாக்காதீங்கடா. சுவத்தப் பாத்தே உக்காருங்க."

காதோரம் பேசிய அந்த அடுத்த ஆள் உள்ளே வந்தான். வேலைக்குச் சேர்ந்து ஏழே வருடம், வயது முப்பதுகூட ஆகவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஹெட்ஃபோனை வாங்கித் தானே மாட்டிக்கொண்டான்.

டாக்டரம்மா அழுத்தினார். கூட்டினார். இன்னும் கூட்டினார். ஹெட்ஃபோனைத் தாண்டி அந்தக் கீச்சொலி கதவருகே நின்ற மேலாளருக்கே கேட்டது. நாற்காலியில் இருந்தவன் கை எழும்பவில்லை.