ஞானசவுந்தரியின் காதில் பால்வீதி

1961ஆம் ஆண்டு ஆவணி மாதத்துப் பின்னேரமொன்றில், நெடுந்தீவில், பால்வீதியின் இரைச்சல் ஒரு றேடியோப் பெட்டியை விட்டு ஞானசவுந்தரியின் காதுகளுக்குக் குடிவந்தது. அப்போது அவளுக்கு ஒரு வயதுப் பெண்பிள்ளை இருந்தது.

பெட்டி அவள் புருசன் பரராசசிங்கத்தினுடையது. இங்கிலாந்தில் வானொலித் தொலைநோக்கிகளோடு வேலை பழகிக் கொழும்புக்குத் திரும்பியவன், ஐம்பத்தெட்டில் தமிழருக்கு எதிராக எழுந்த கலவரத்தில் வீடும் உத்தியோகமும் போய், அகதிக் கப்பலில் வடக்கே வந்து இறங்கினான். நட்சத்திரங்கள் வெளிச்சத்தோடு வானொலி அலைகளையும் அனுப்புகின்றன, அவற்றைப் பிடிக்கக் கண்ணாடி வேண்டாம், கம்பி போதும் என்று ஊராருக்குச் சொன்னான். மின்சாரம் உள்ள இடத்தில் அதன் சத்தம் வானத்தின் சத்தத்தை மூடிவிடும்; நெடுந்தீவில் அந்தத் தொல்லை இல்லை. குதிரைகள் மேயும் மேற்குவெளியில் பனங்கம்புகள் நட்டு, செப்புக்கம்பி இழுத்துக் கட்டினான். பெட்டியில் மணல் சரிவது போன்ற ஓர் இரைச்சல் வந்தது. அது ஒவ்வொரு நாளும் சற்று முந்தி வந்தது. ஆனியில் இரவில் கேட்டது மார்கழியில் மத்தியானம் கேட்டது. அதை அளந்து அவன் வானத்துக்கு ஒரு படம் கீறத் தொடங்கினான். படம் முடிந்தால் வெளிநாட்டில் வேலை கிடைக்கும். இந்த நாட்டில் இனித் தனக்கு இடமில்லை என்று அவன் முடிவுகட்டியிருந்தான்.

உப்புக்காற்றில் பெட்டியின் வால்வுகள் ஒவ்வொன்றாகச் செத்தன. இறக்குமதிக் கட்டுப்பாட்டில் புதியவை கொழும்பிலும் கிடைக்கவில்லை. கடைசி வால்வு அணைந்தபோது, கம்பி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் ஞானசவுந்தரி.

"எல்லாம் முடிஞ்சுது," என்றான் அவன்.

"எனக்கு இன்னும் கேக்குதே."

"கம்பியை விடும்."

"விட்டிட்டன். அப்பவும் கேக்குது."

மறுநாள் அவன் வெளியின் நடுவில் ஒரு கதிரையைப் போட்டு அவளை இருத்தினான். இரைச்சல் கூடினால் விரல்களை நீட்ட வேண்டும், குறைந்தால் மடக்க வேண்டும். பெட்டியில் மங்கலாய் வந்த படம் அவள் விரல்களில் தெளிவாக வந்தது. ஆனால் நாளாக நாளாக, பால்வீதி மேலே நிற்கும் நேரமெல்லாம் அவளுக்கு மனிதச் சத்தம் எதுவும் கேளாமல் போயிற்று. பிள்ளை சறோஜினிதேவி தாயைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்து, பக்கத்து வீட்டு மேரிஜோசப்பினைத்தான் முதலில் "அம்மா" என்றது. அதையும் மேரிஜோசப்பின் சொல்லித்தான் ஞானசவுந்தரி அறிந்தாள்.

"இஞ்சேருங்கோ, என்னை யாழ்ப்பாணத்திலை ஒரு டொக்டரிட்டைக் காட்டுங்கோ," என்றாள்.

"இந்த ஆனி முடியட்டும். தெற்குப் பக்கம் இன்னும் கீறி முடியேல்லை."

"போன ஆனியும் இதைத்தான் சொன்னனீங்கள்."

மூன்று ஆனிகள் போயின. படம் முடிந்ததும் ஒருநாள் வள்ளத்தில் போய்க் குறிகட்டுவான் துறையில் இறங்கி யாழ்ப்பாணம் போனார்கள். டொக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, வந்த நேரம் பிந்திவிட்டது, இரைச்சலை இனி எடுக்க ஏலாது என்றார். அடுத்த வருசம் படம் இங்கிலாந்தில் ஒரு சஞ்சிகையில் வந்தது. அவன் பெயர் மட்டும் இருந்தது.

"என்ரை பேர்?" என்று கேட்டாள்.

"உள்ளூரிலை செய்த ஒரு கருவி எண்டு எழுதினனான். மனிசியின்ரை காது எண்டால் ஆர் நம்புவினம்?"

அவன் இங்கிலாந்து போனான். கூப்பிடுவேன் என்றான், கூப்பிடவில்லை. பனங்கம்புகளை அயலார் வேலிக்குப் பிடுங்கிக்கொண்டார்கள். கம்பி இல்லாமலே இரைச்சல் தொடர்ந்தது. ஊர் பழகிக்கொண்டது; பால்வீதியை வெறுமனே வானம் என்றது. அவளோடு கதைக்க வருகிறவர்கள் முதலில் வாசலில் நின்று, "வானம் ஏறியிட்டுதோ?" என்று கையால் கேட்பார்கள். ஓம் என்று தலையாட்டினால் போய்விட்டுப் பிறகு வருவார்கள்.

பதின்மூன்று வருசத்துக்குப் பிறகு ஒரு மார்கழி மத்தியானம் பரராசசிங்கம் வந்து நின்றான். தலை நரைத்திருந்தது. எவ்வளவு பெரிய தொலைநோக்கியாலும் அவனுடைய படத்தை யாராலும் திரும்ப எடுக்க முடியவில்லை. படம் பொய் என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

"ஒரு கிழமை, ஏழே நாள், அந்தக் கதிரையிலை இருந்து தாரும், ஞானம். இந்தமுறை உம்மடை பேரையும் போடுறன்," என்றான்.

வானம் அப்போது உச்சியில் நின்றது. அவன் சொன்ன ஒரு சொல்லும் அவளுக்குக் கேட்கவில்லை. உதடுகளைப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டாள்.

"எனக்கு அது விட்டுப்போச்சு," என்றாள். "இப்ப ஒண்டும் கேக்கிறேல்லை."

 குடிக்கக் கொடுத்த தண்ணீரைக் குடியாமலே அவன் வள்ளத்துக்குப் போனான். அடுத்த வருசம் அவன் படத்தை அந்தச் சஞ்சிகை தள்ளுபடி செய்தது என்று கேள்விப்பட்டாள். சந்தோசம் வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை. தன் காதும் அந்தப் படத்தோடு பொய்யாகிப் போனது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

1981 தையில் சறோஜினிதேவிக்குக் கலியாணம். மாப்பிள்ளை நயினாதீவு. தகப்பனுக்கு யாரும் சொல்லவில்லை. முகூர்த்தம் காலையில் இருந்தது. தையில் வானம் விடியமுன் ஏறிப் பின்னேரம்தான் இறங்கும். அம்மாவுக்கு மேளம் கேட்காமல் தாலி ஏறாது என்று மணப்பெண் மணவறையில் இருந்தபடியே சொன்னாள். ஐயர் பஞ்சாங்கத்தை மடித்து வைத்தார். மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டார்கள், வெற்றிலை போட்டார்கள், சிலர் பாயில் சரிந்தார்கள்.

"என்ன சுணக்கம்?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார்.

"வானம் இன்னும் இறங்கேல்லை," என்றாள் மேரிஜோசப்பின், வள்ளம் இன்னும் வரவில்லை என்பதுபோல.

அவர் சரி என்று மறுபடி படுத்துக்கொண்டார். வெயில் தாழ்ந்த நேரம் ஞானசவுந்தரி மேளகாரரைப் பார்த்து, அடிக்கலாம் என்று தலையாட்டினாள்.