வளர்த்தி

கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் ஆம்புலன்ஸின் பின்கதவைச் சாத்த முடியவில்லை. டிரைவர் ஒருமுறை கதவைத் தள்ளிப் பார்த்தான். பிறகு உள்ளே ஏறித் தலைப்பக்கம் இழுத்துப் பார்த்தான். தலைக்கு மேலே ஒரு விரல் இடம்கூட மிச்சமில்லை.

“காள்ளு கொஞ்செம் மடவண்டி,” என்றான் கங்கையாவிடம் தெலுங்கில்.

காலை எங்கே மடக்குவது? பிரபாகர் செத்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. உயிரோடு இருக்கும்போதே கடைசி ஒரு வருஷமாக அந்த முழங்கால்கள் சரியாக மடங்கியதில்லை. கங்கையா கதவோரம் உட்கார்ந்து மகனின் பாதங்களைத் தன் மடியில் வைத்துக்கொண்டான். கதவைக் கயிற்றால் கட்டினார்கள். திருப்பதியிலிருந்து ஊர் வரும்வரை பின்னால் பைக்கில் வந்தவர்கள் எல்லாரும் அந்தப் பாதங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். எந்தக் கடையிலும் அளவு கிடைக்காமல், ஆள் வைத்துச் செருப்பு தைத்துப் போட்ட பாதங்கள்.

எதிரே மகள் கலைவாணி. ஸ்ரீ சிட்டியில் செல்போன் கம்பெனியில் வேலை. ஷிப்டிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தவள், யூனிபாரத்தைக்கூட மாற்றவில்லை. புத்தூர் தாண்டியதும் அவன் பக்கம் குனிந்தாள்.

“அம்மா கிட்ட சொல்லிடு நைனா.”

“இன்னாத்த?”

“உனுக்குத் தெரியாதா இன்னாத்தன்னு.”

தெரியும். ஏழு வருஷத்துக்கு முன்னால், பிரபாகருக்குப் பதினைந்து நடக்கும்போது, தலைவலி என்று இதே ஆஸ்பத்திரிக்குத்தான் அழைத்து வந்தான். அப்போது அவன் மனைவி ரத்னம்மா சித்தூரில் மாங்கூழ் கம்பெனியில் சீசன் வேலைக்குப் போயிருந்தாள். இங்கிலீஷ் எழுத்தைப் படிப்பாள் என்று கலைவாணியைக் கூட்டிக்கொண்டு வந்தான். டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். மூளைக்கு அடியில் பட்டாணி அளவு ஒரு சுரப்பி, அதில் ஒரு கட்டி. அதுதான் எலும்பை இந்த வேகத்தில் வளர்க்கிறது. மூக்கு வழியாகவே எடுத்துவிடலாம். விட்டால் தாடை வளரும், நெற்றி எலும்பு வளரும், கடைசியில் இதயமும் வீங்கும்.

இவ்வளவு கேட்ட பிறகு கங்கையாவுக்குக் கேட்கத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்.

“ஆப்பரேஷன் பண்ணா வளர்த்தி நின்னுபூடுமா மேடம்?”

“நிக்கணும். அதுக்குத்தானே பண்றது.”

அந்த வாரம்தான் சித்தூர் வாலிபால் கோச் பையனைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் ஸ்டேட் டீம், அப்புறம் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸ் வேலை என்று சொல்லியிருந்தார். கங்கையா பிறந்ததிலிருந்து சேற்றில் நின்று, வரப்பில் நிற்பவர்களை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்தவன். பிரபாகர் பக்கத்தில் நின்றபோது மாந்தோப்புக்காரரே தலையைத் தூக்கிப் பேசினார். அந்த ருசி லேசில் விடுமா? அடுத்த வருஷம் வருகிறோம் என்று டாக்டரம்மாவிடம் சொன்னான். ஒன்றுமில்லை, வளர்கிற பிள்ளைக்கு வருகிற தலைவலிதான் என்று ரத்னம்மாவிடம் சொன்னான். பதினாறு வயசு கலைவாணியிடம், அம்மாவிடம் உளறாதே என்றான்.

அந்த அடுத்த வருஷம் ஐந்து வருஷம் கழித்து வந்தது. பிரபாகர் ஆடியதென்னவோ ஒரே ஒரு சீசன். பிறகு முழங்கால் போயிற்று, பார்வை இரண்டு ஓரமும் இருட்டிக்கொண்டு வந்தது. புதிதாக இருந்த டாக்டர், ஏன் இவ்வளவு லேட் என்று கேட்டார். கட்டி கண் நரம்பைச் சுற்றிவிட்டது, இதயம் பெருத்துவிட்டது, இனிக் கத்தி வைக்க முடியாது என்றார். முன்னாலேயே யாரும் சொல்லவில்லையா என்று ரத்னம்மா கேட்டபோது, இல்லை என்று சொல்லக் கங்கையாவுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

“பொதச்சிட்டு வந்து சொல்றேம்மா,” என்றான் இப்போது.

“அன்னிக்கும் அடுத்த வருஷம்னுதான் சொன்ன,” என்றாள் கலைவாணி.

வீட்டு வாசலில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுக் கிடத்தினார்கள். அப்படியும் குதிகால் வெளியே தொங்கியது. ரத்னம்மா மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். யாரையும் கிட்டே விடவில்லை. வாய் திறந்திருந்தது. தாடையை உச்சந்தலையோடு சேர்த்துக் கட்டக் கொண்டுவந்த வெள்ளைத் துணி சுற்றிவரப் போதவில்லை. அவள் தன் பழைய புடவை ஒன்றிலிருந்து நீளமாகக் கிழித்து எடுத்தாள். கட்டும்போது முன்னுக்கு வந்துவிட்ட கீழ்த்தாடை, இடைவெளி விழுந்த பற்கள், கண்ணுக்கு மேலே திண்டு மாதிரி எழும்பிய எலும்பு எல்லாவற்றையும் விரலால் தொட்டுக்கொண்டே போனாள்.

“இவன் சின்னதுல எங்க அண்ணன உரிச்சு வெச்ச மாதிரி இருப்பான்,” என்றாள் பக்கத்திலிருந்த சிவசங்கரியிடம். சிவசங்கரி அவளுடைய ஓரகத்தி. “எப்ப மாறிச்சின்னே தெரிலடி. தெனம் பாத்துக்கினுதானே இருந்தேன்.”

கங்கையா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். இப்போது சொல்லிவிடலாம் என்று இரண்டு அடி எடுத்து வைத்தான். அதற்குள் குழி வெட்டும் கிருஷ்ணப்பாவின் ஆள் வந்து குழி தயார் என்றான். கங்கையாவுக்கு அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததற்காகத் தன்மேலேயே அவனுக்கு அருவருப்பு வந்தது.

பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். இடுகாட்டில் உடம்பை இறக்கியபோது தலை குழியின் விளிம்பில் முட்டி நின்றது. தூக்கித் திருப்பி மறுபடியும் இறக்கினார்கள். மறுபடியும் முட்டியது.

“நீ போன்ல சொன்ன அளவுதான் வெட்டினேன்,” என்றான் கிருஷ்ணப்பா. “கீழ ஒரே கல்லு. கூட ஒரு விரக்கடைகூட உட முடியல. எப்ப அளந்த அளவு அது?”

“போன சங்கராந்திக்கு.”

கிருஷ்ணப்பா உடம்பைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தான். “அதுக்கப்பறமும் வளந்துக்கினுதான் இருந்திருக்கான்,” என்றான்.

உடம்பைக் குழியோரம் படுக்க வைத்தார்கள். கங்கையா கடப்பாரையை வாங்கிக்கொண்டு தானே குழியில் இறங்கினான். யாரும் தடுக்கவில்லை. நாலு விரல் நீளம் கல்லைப் பெயர்க்க ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. மேலே நின்றவர்கள் பீடி பற்ற வைத்துக்கொண்டு பஸ் நேரத்தைப் பற்றிப் பேசினார்கள். வெட்டி முடித்து அண்ணாந்து பார்த்தபோது மகனின் கட்டிய தாடை மட்டும்தான் தெரிந்தது. கங்கையாவைக் கைகொடுத்துத்தான் மேலே தூக்க வேண்டியிருந்தது.

புதைத்துவிட்டு வீட்டுக்கு வந்து காலைக் கழுவிக்கொண்டு விளக்கைப் பார்க்க உள்ளே போனான். நடுவீட்டில் ரத்னம்மா சுவரில் சாய்ந்திருந்தாள். சுற்றிலும் நாலைந்து பெண்கள். கலைவாணி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். தன்னைப் பார்க்கிறாள் என்று தெரிந்தும் கங்கையா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“இருக்கிற ஆஸ்பத்திரி எல்லாம் தூக்கிக்கினு போனாரு, பாவம்,” என்று ரத்னம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். “இன்னா பண்றது. முன்னாடியே தெரிஞ்சிருந்தா உட்டுருப்பமா? நீயே சொல்லு.”

கடைசி வார்த்தையை அவனைப் பார்த்துத்தான் சொன்னாள். சும்மா தலையாட்டினால் போதும், அத்தோடு முடிந்துவிடும். அவள் அதை நம்பியே மிச்ச காலத்தைக் கழித்துவிடுவாள்.

“தெரியும்,” என்றான் கங்கையா.

பெண்களில் ஒருத்தி எழுந்திருக்கப் போய் அப்படியே உட்கார்ந்தாள்.

“அவனுக்குப் பதினஞ்சு வயசுலயே சொன்னாங்க. தலையில கட்டி இருக்குது, எடுத்துட்டா வளர்த்தி நின்னுபூடும்னாங்க. நான்தான் அப்பறம் பாக்கலாம்னு இட்டுக்கினு வந்துட்டேன். உன்கிட்ட மறச்சிட்டேன்.”

ரத்னம்மா அழவில்லை. மகளைத் திரும்பிப் பார்த்தாள். கலைவாணி தலையைக் குனிந்துகொண்டாள்.

வெளியே பந்தல்காரர்கள் தகரத்தைக் கழற்றும் சத்தம் கேட்டது. ரத்னம்மா மறுபடியும் அவன் பக்கம் திரும்பினாள்.

“இன்னும் எவ்ளோ வளரணும்னு இருந்த?”

“கோச்சு ரெண்டு இன்ச்சுன்னாரு.”

அவளுக்கு இன்ச்சுக் கணக்கு தெரியாது. மஞ்சள் போகாத வலது கையைத் தூக்கிக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து அவன் முன்னால் காட்டினாள்.

“இவ்ளோவா?”

கங்கையா பார்த்தான். பொய் சொல்ல அவனுக்கு இனித் தெம்பில்லை.

“இல்ல. இன்னும் கம்மி.”

ரத்னம்மா விரல்களைக் கொஞ்சம் நெருக்கினாள். கையைக் கீழே இறக்காமல் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.